சபை ஆபீஸில் பேச்சுப் பயிற்சி: யாராவது நடத்தியிருக்கிறீர்களா?

காலிங்கராயன்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஈரோட்டுப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஆபீஸில் பதினோரு வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். சபை பேர் வேண்டாம். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஆயர் ஐயா, நான், கணக்கு எழுதும் ஒரு தங்கச்சி, கோயிலைப் பராமரிக்கும் கோவில்பிள்ளை, ராத்திரி வாட்ச்மேன், காலையில் கூட்டிப் பெருக்க வரும் அம்மா. சம்பளக்காரர்கள் இவ்வளவுதான். சம்பளம் வாங்காமல் எங்களை வேலை வாங்குகிறவர்கள் இன்னொரு முப்பது பேர் இருப்பார்கள்: செயலர், பொருளர், பாடகர் குழுத் தலைவர், சண்டே ஸ்கூல் பொறுப்பாளர், பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் சங்கம் என்று போகும்.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் நவம்பர் கடைசியில் சபை ஹாலுக்கு அடிதடி. போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண வீட்டுக்கும் ஹால் கொடுத்தாகிவிட்டது, அதே நேரத்தில் கேரல் (கிறிஸ்துமஸ் பாட்டு) பயிற்சிக்கும் கொடுத்தாகிவிட்டது. ஒரு வண்டியில் பிரியாணி அண்டா இறங்குகிறது, இன்னொரு வண்டியில் கீபோர்டு இறங்குகிறது. பாடகர் குழுத் தலைவர் கல்யாண வீட்டார் முன்னாலேயே என்னைப் பார்த்து, "பதினோரு வருஷமா ஒரு நோட்டுல தேதி எழுதத் தெரியலீங்களா?" என்று கேட்டுவிட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. "சரிங்க" என்றேன். அதிலிருந்து நாங்கள் இருவரும் கணக்குத் தங்கச்சி மூலமாகத்தான் பேசிக்கொள்கிறோம். பாவம் அந்தப் பிள்ளை.

விஷயம் கமிட்டிக்குப் போய், ஊழியர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும் "தகவல் தொடர்பும் மோதல் மேலாண்மையும்" என்று ஒருநாள் பயிற்சி வைக்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஏற்பாடு செய்ய வேண்டியது யார்? நான்தான். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாடு உட்பட எட்டாயிரம் ரூபாய்க்குள். யாரைக் கூப்பிடலாம், என்ன சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பனியன்_மனிதவளம்

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனிகளில் இருபத்திரண்டு வருடம் மனிதவளப் பிரிவில் இருந்தவன். முதல் வேண்டுகோள்: மேடையில் ஏறிக் கதை சொல்லிக் கைதட்டு வாங்கும் ஆளைக் கூப்பிடாதீர்கள். எல்லோரும் நன்றாகச் சிரிப்பார்கள், சாப்பிடுவார்கள், திங்கட்கிழமை பழையபடி கணக்குத் தங்கச்சி தூது போகும்.

கம்பெனிகளில் நாங்கள் தாமஸ், கில்மன் என்ற இருவர் 1974-ல் உருவாக்கிய ஒரு வினாத்தாளைப் பயன்படுத்துவோம். முப்பது ஜோடி வாக்கியம் இருக்கும், ஒவ்வொரு ஜோடியிலும் தனக்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோதல் வந்தால் நீங்கள் ஜெயிக்கப் பார்க்கிற ஆளா, விட்டுக்கொடுக்கிற ஆளா, ஒதுங்கிப் போகிற ஆளா, பாதிக்குப் பாதி பேசி முடிக்கிற ஆளா, உட்கார்ந்து இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற வழியைத் தேடுகிற ஆளா என்று அதில் தெரியும். ஐந்தில் எதுவும் தப்பில்லை. குடித்துவிட்டு கேட்டில் நிற்கிறவனிடம் ஒதுங்கிப் போவதுதான் புத்தி. தீ பிடித்தால் சூப்பர்வைசர் யாரிடமும் கருத்துக் கேட்கக் கூடாது. சிக்கல் எங்கே என்றால், நம்மில் பலருக்கு எல்லா நேரத்துக்கும் ஒரே ஒரு வழிதான் தெரியும். உங்கள் "சரிங்க" எந்த வகை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பயிற்சி, காசே செலவில்லாதது. இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் பேச வேண்டும். அடுத்தவர் தன் பதிலைச் சொல்வதற்கு முன்னால், முதல் ஆள் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "நீங்க சொன்னது இதுதானுங்களா?" என்று கேட்க வேண்டும். அவர் "ஆமாங்க" என்ற பிறகுதான் பதில். கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் சொல்லிக்கொடுத்த வழி. கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள், முக்கால்வாசிப் பேர் முதல் தடவை தோற்பார்கள். திருப்பிச் சொல்கிறேன் என்று தொடங்கி, பாதியிலேயே வக்காலத்துக்குப் போய்விடுவார்கள்.


தறிச்சத்தம்

எங்கள் சபையில் மோதலுக்கு மேலாண்மை கிடையாது. மேலாண்மைக் குழுதான் மோதல்.


சென்னிமலை_அக்கா

தம்பி, முப்பத்திரண்டு வருடம் சபைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் சொல்கிறேன். மற்ற ஊரில் குரல் ஏறினால் சண்டை. நம் ஊரில் "ங்க" ஏறினால் சண்டை. எங்கள் ஹெச்.எம். அம்மா தினமும் "டீச்சர், அந்த ரெஜிஸ்டரை எடு" என்பார். ஒருநாள், "டீச்சர், சிரமம் இல்லீன்னா அந்த ரெஜிஸ்டரைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமுங்களா?" என்றார். அன்றைக்கே தெரிந்துவிட்டது, எனக்கு இடமாற்றம் எழுதியாகிவிட்டது என்று. அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. ஆகையால் வெளியூரிலிருந்து வருகிற பயிற்சியாளருக்கு உங்கள் ஆபீஸில் பிரச்சினையே தெரியாது. என்ன மரியாதையான ஜனங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்.

உட்கார்ந்து பேசுவதற்கு நம் பக்கம் நாயம் பேசுவது என்றுதானே பெயர்? நம் பேச்சில் பேச்சும் நியாயமும் ஒரே சொல். ஆனால் பிரச்சினை உள்ள ஆளிடம் மட்டும் நாயம் பேச மாட்டோம். மீதிப் பத்துப் பேரிடமும் பேசுவோம். சபைக்கென்று இதில் தனி வசதி ஒன்று இருக்கிறது, ஜெபக் குறிப்பு. "ஆபீஸ் தம்பிக்கு என்னமோ மனசு சரியில்லைபோல, ஜெபத்துல வச்சுக்கங்க" என்று வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஒருவர் எடுத்துவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் சபைக்கே தெரிந்திருக்கும். புறணி பேசினால் பாவம் என்று நமக்குத் தெரியும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறோம்.

இன்னும் இரண்டு கேள்வி. உங்கள் வாட்ச்மேனுக்கு என்ன வயது இருக்கும்? அவரை யார் யார் "ங்க" போட்டுக் கூப்பிடுகிறார்கள், யார் யார் கூப்பிடுவதில்லை? அதைக் கவனித்தாலே உங்கள் சபையின் வரைபடம் கிடைத்துவிடும். அந்த வரைபடத்துக்கு அடியில் சாதி இருக்கும், ஞானஸ்நானத் தண்ணீரில் அது கரையவில்லை. அடுத்தது, "சரிங்க" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டீர்களா? பதினோரு வருடம் வேலை பார்த்த ஆளால் அப்படி நிறுத்த முடிந்திருக்காதே.


வாலாங்குளம்

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் கோயமுத்தூரில் ஒரு சபை நிறுவனத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். பேர் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது நியமன ஆணை கிடையாது, "ஊழியம்தானே தம்பி" என்றார்கள். வருடத்துக்கு ஒருமுறை சம்பள உயர்வு கேட்டால், "ஆண்டவர் சந்திப்பார்" என்பார்கள். நான் கேட்டது பொருளர் சந்திப்பாரா என்று. ஒருமுறை குரலை உயர்த்திவிட்டேன். உடனே எனக்குக் "கோபத்தைக் கையாளும் பயிற்சி" ஏற்பாடு செய்தார்கள். மூன்று மணி நேரம் மூச்சை இழுத்து விடச் சொன்னார் ஒருவர். அவருக்கு அன்றைக்குக் கொடுத்த தொகை என் பத்து நாள் சம்பளம். வவுச்சர் எழுதியது நான்தான்.

காசும் அதிகாரமும் சம்பந்தப்பட்ட விஷயத்தைப் பேச்சுப் பிரச்சினை என்று மாற்றிச் சொல்வதற்குத்தான் இந்தப் பயிற்சிகள். மனிதவளக்காரர்களுக்கு இது தொழில், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.


பனியன்_மனிதவளம்

என்னைத் தெரியாமல் என்னைப் பற்றிப் பேச வேண்டாம். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேருக்கு நிலுவை வாங்கிக்கொடுத்தேன் என்பது உங்களுக்குத் தெரியுமா? எல்லாவற்றையும் சம்பளத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டால், கை நிறையச் சம்பளம் கொடுக்கிற இடத்தில் சண்டையே இருக்கக் கூடாதே.


வாலாங்குளம்

யாருக்கு வாங்கிக்கொடுத்தீர்களோ தெரியாது. எனக்கு யாரும் வாங்கிக்கொடுக்கவில்லை.


தறிச்சத்தம்

மோதல் மேலாண்மை இழையில் முதல் மோதல் வந்துவிட்டது. பொறுப்பாளர் ஐயா, டீ வரட்டும்.


சென்னிமலை_அக்கா

சிரிக்காதீங்க. பனியன் தம்பி, நீங்கள் சொன்ன பயிற்சியை நீங்களே செய்து பாருங்களேன். வாலாங்குளம் என்ன சொன்னார் என்று அவர் ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லுங்கள், பார்க்கலாம்.


பனியன்_மனிதவளம்

சரி அக்கா. முயற்சி செய்கிறேன்.

நியமன ஆணை இல்லாமல் ஒன்பது வருடம் வேலை வாங்கினார்கள். நியாயமான ஒன்றைக் கேட்டபோது, கேட்ட விஷயத்தை விட்டுவிட்டு, கேட்ட விதத்தைப் பிரச்சினையாக்கினார்கள். உங்களைத் திருத்தச் செலவழிக்கக் காசு இருந்தது, உங்களுக்குக் கொடுக்க இல்லை. அதை எழுதிக்கொடுத்த கையும் உங்களுடையதே. இதுதானுங்களா?


வாலாங்குளம்

ஆமாங்க.

உங்களைப் பற்றிச் சொன்னது அதிகம்தான், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி நிற்கிறது. காலிங்கராயன்கரை அண்ணா, உங்களுக்கு நியமன ஆணை இருக்கிறதா?


பங்கு_அலுவலகம்

நான் கத்தோலிக்கப் பங்கு அலுவலகத்தில் இருப்பவள், கோவை மறைமாவட்டம். உங்கள் ஹால் கதையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. இங்கேயும் அதே ஹால், அதே பிரியாணி, சபைதான் வேறு. எனக்குத் தோன்றுவது, அன்றைக்கு யார் எப்படிப் பேசினார்கள் என்பதைவிட, ஹாலைக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் கேள்வி. இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தானே இரண்டு வண்டி வந்தது?

எங்களிடம் 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பு எண் 536 பங்குப் பேரவையைப் பற்றிச் சொல்கிறது. அதற்கு ஆலோசனை வாக்கு மட்டுமே. 537 நிதிக் குழுவைப் பற்றியது, அது ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். பேரவை உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தாங்கள் முடிவெடுத்துவிட்டதாக நினைத்துப் போவார்கள், பங்குத்தந்தை ஆலோசனை கேட்டுக்கொண்டதாக நினைத்துப் போவார். இரண்டு தரப்பும் சந்தோஷமாகக் கூட்டத்தை முடிக்கும். மூன்றாவது வாரம் வெடிக்கும். முன்பு இருந்த பங்குத்தந்தை ஒருவர் ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும், "இதில் உங்கள் கருத்து வேண்டும், முடிவு என்னுடையது" அல்லது "இதில் நீங்கள் முடிவு செய்யுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். அவர் இருந்தவரை பேரவையில் கோபித்துக்கொண்டு யாரும் எழுந்து போனதாக எனக்கு நினைவில்லை.


பழைய_பதிவேடு

பங்கு அலுவலக அம்மா சொன்னது சி.எஸ்.ஐ. சபைகளுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ.யாக ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்கள் இல்லை. ஆங்கிலிக்கன்களுக்குப் பேராயர் சொல்தான் சொல். மெத்தடிஸ்ட்களுக்கு வேறு முறை. கோயமுத்தூரில் 1830-ல் வேலை தொடங்கிய லண்டன் மிஷன்காரர்கள் வந்த மரபிலோ சபை கூடி முடிவெடுப்பதுதான் வழக்கம். 1950-ல் கோவைப் பேராயம் உருவாகி, எல்லோரும் ஒரே சட்ட விதியின் கீழ் வந்தார்கள். விதி மாறிவிட்டது, பழக்கம் மாற இன்னும் நாளாகும். "எங்க தாத்தா கல் சுமந்து கட்டின கோயிலுங்க இது" என்று ஒருவர் கமிட்டியில் எழுந்து நின்றால், அது அந்தப் பழைய லண்டன் மிஷன் ரத்தம். ஆயர் சில வருடத்தில் மாறிப் போய்விடுவார், தாத்தாவின் பேரன் மாற மாட்டான். எழுத்தர் நடுவில் நிற்கிறார்.

கத்தோலிக்கர் பக்கமும் ஒன்று சொல்கிறேன். கோவையின் முதல் விகார் அப்போஸ்தலிக்காக (மறைமாவட்டம் ஆகாத பகுதிக்குப் போப் நியமிக்கும் ஆயர்) இருந்த மரியோன் பிரெசிலாக் ஆண்டகை 1850-களின் நடுவில் பதவியை விட்டே போய்விட்டார். சாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்பதில் சக குருக்களுடன் ஒத்துப்போக முடியவில்லை. பிறகு 1856-ல் பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு மறைபரப்புச் சங்கத்தைத் தொடங்கினார். சென்னிமலை அக்கா சொன்ன வரைபடம் இன்று நேற்று வரைந்ததில்லை.

பயிற்சியில் வேதபாடம் வைப்பதாக இருந்தால் எல்லோரும் மத்தேயு 18-ஐத்தான் எடுப்பார்கள். நீங்கள் அப்போஸ்தலர் 6-ஐ எடுங்கள். கிரேக்கு பேசும் விதவைகளுக்குப் பந்தி விசாரிப்பில் குறை வைத்தார்கள் என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் யாரையும் முறுமுறுக்காதே என்று அடக்கவில்லை, பொறுமையைப் பற்றிப் பிரசங்கமும் பண்ணவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயரையும் படித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர்... எல்லாம் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.


வக்கீல்_பெருந்துறை

ஒரு எச்சரிக்கை மட்டும். மத்தேயு 18 சொல்வது, முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று. சமமான இரண்டு பேருக்கு நல்ல வழி. ஆனால் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் தன்னிடம் தவறாக நடந்த பொறுப்பாளரிடம் "தனியாகப் போய்" பேச வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தப் பயிற்சியாளரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு வேண்டும், தலைமையில் பெண், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். பத்துப் பேருக்குக் குறைவு என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். சம்பளம் வாங்காமல் தன்னார்வமாக வேலை செய்கிறவர்களும் அந்தச் சட்டத்தில் ஊழியர் என்ற சொல்லுக்குள் வருகிறார்கள். சபைக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சமரசம் என்பது புகார் கொடுத்த பெண்ணே கேட்டால் மட்டும், அதுவும் பணம் கொடுத்து முடிப்பதாக இருக்கக் கூடாது. "சபைப் பேர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசிக்கலாம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சண்டே ஸ்கூல் பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம். விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம்.

பயிற்சியின் முதல் அரை மணி நேரத்தில், எதெல்லாம் பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.


தனிச்சபை_ஆயரம்மா

நாங்கள் திருப்பூர் பக்கம் சின்னத் தனிச்சபை. பேராயம், கமிட்டி எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர்தான் ஆயர். எனக்குப் பதவி கிடையாது, சம்பளம் கிடையாது, ஆனால் எல்லாப் புகாரும் என் சமையல்கட்டு வழியாகத்தான் போகும். "ஐயாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாம சொல்லுங்கம்மா" என்று வந்து நிற்பார்கள். பல வருடம் சுமந்தேன். அவர் கோபப்பட்டால் அது என்மேல், இவர்கள் வருத்தப்பட்டால் அதுவும் என்மேல்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். "அவங்ககிட்ட நேர்ல சொன்னீங்களா கண்ணு?" இல்லை என்றால், "நான் கூட வரட்டுமா?" முதல் மாதம் எனக்கு அன்பு குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் ஒரு ஜெபக் குறிப்பாக என் காதுக்கே வந்தது.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி யாரும் பேசவில்லையே? ராத்திரி பத்து மணிக்கு வசனம் போடுகிறார்களே, யாரைக் குத்துவதற்குப் போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஆமென் போடுவார்கள். குத்துப்பட்டவரும் போட வேண்டும். போடாவிட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.


காலிங்கராயன்கரை

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. வாலாங்குளம் தம்பிக்கு: நியமன ஆணை இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்போதிருந்த ஆயர், "நாளைல இருந்து வந்துருப்பா" என்றார், வந்துவிட்டேன்.

ஹாலை இரண்டு பேருக்குக் கொடுத்தது எப்படி என்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். கேரல் பயிற்சிக்கு எழுதியது நான். கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்தது செயலர், போனிலேயே சொல்லிவிட்டார். எனக்கு மறுநாள்தான் தெரியும். அவரிடம் கேட்க வாய் வரவில்லை. அவர் பெரிய தலைக்கட்டு. நான் கேட்டிருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும்.

சென்னிமலை அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு நாளாக எழுதி எழுதி அழித்தேன். நிறுத்தவில்லை அக்கா. அடுத்த சனிக்கிழமை பாடகர் குழுத் தலைவர் கீபோர்டு அறைச் சாவி கேட்டு ஆபீஸுக்கு வந்தார். சாவி என் மேசை டிராயரில் இருந்தது. நான் பீரோவில் தேடினேன், வெஸ்ட்ரி அறையில் தேடினேன், கோவில்பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தேன். "இங்கதான் வச்சேனுங்க, பாருங்க காணோம்" என்று இருபது நிமிடம். வெளியே பதினாறு பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது, அதுதான் உண்மை. கடைசியில் கோவில்பிள்ளைமேல் பழி போகிற மாதிரி ஆனதும் பயந்துபோய், டிராயரைத் திறந்து, "அடடா, இங்கயே இருக்குதுங்க" என்றேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.


சென்னிமலை_அக்கா

நல்லது தம்பி. அதை இங்கே எங்களிடம் சொன்னது போதாது.


பனியன்_மனிதவளம்

பஸ் செலவு மட்டும் கொடுங்கள், நான் வருகிறேன். மிச்சக் காசில் சாப்பாட்டை நன்றாகப் போடுங்கள். இரண்டு நிபந்தனை. நான் ஒரு வாரம் முன்னால் வந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவேன். அப்புறம், வாட்ச்மேனும் கூட்டிப் பெருக்கும் அம்மாவும் பயிற்சியில் நாற்காலியில் உட்கார வேண்டும்.


காலிங்கராயன்கரை

பிப்ரவரி முடிந்துவிட்டது. என்ன ஆனது என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்காக எழுதுகிறேன்.

இருபத்து மூன்று பேர் வந்தார்கள். செயலர் முதல் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்திருக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டார். வக்கீல் ஐயா சொன்னபடி சட்ட விஷயம் முதலில். அதைக் கேட்டதும் ஹாலில் அப்படி ஒரு நிசப்தம். இடைவேளையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர், மாவட்டக் குழு எங்கே இருக்கிறது என்று பனியன் அண்ணனிடம் தனியாக விசாரித்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு டீ வந்தது. யாரும் சொல்லாமலே வாட்ச்மேன் எழுந்து டம்ளரை எடுக்கப் போனார். பொருளர், "அங்க ரெண்டு குடுப்பா" என்றார். பனியன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, தானே எழுந்துபோய்த் தட்டை வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். பொருளருக்கு முகம் சிவந்துவிட்டது. அவரும் எழுந்தார். வாட்ச்மேன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் வைத்திருந்தார். அவருக்கு அறுபத்தோரு வயது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நானும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திருப்பிச் சொல்கிற பயிற்சியில் என்னையும் பாடகர் குழுத் தலைவரையும் ஜோடி சேர்த்தார்கள். அவர் முதலில் பேசினார். நவம்பர் சனிக்கிழமை அவர் மில்லில் ஷிப்ட் முடித்துவிட்டு, சாப்பிடாமல் நேராக வந்தாராம். பிள்ளைகளின் பெற்றோரிடம் ஆறு மணிக்கு ஹால் என்று சொல்லிவைத்திருந்தது அவர்தான். நான் திருப்பிச் சொன்னேன். இரண்டு முறை தப்பாகிவிட்டது, "ஆனா நான்..." என்று வந்துவிட்டது. மூன்றாவது முறை, "ஆமாங்க" என்றார்.

என் முறை வந்தது. செயலர் போனில் கொடுத்தது, நோட்டு, கல்யாண வீட்டார் முன்னால் கேட்டது எல்லாம் சொன்னேன். அப்புறம் சாவி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபோது உள்ளங்கை வேர்த்திருந்தது. அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், விதி அது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நீங்க பீரோவுல தேடறப்பவே தெரியுமுங்க. நான் உள்ள வர்றப்ப டிராயரைப் பூட்டுன சத்தம் கேட்டுது" என்றார். நவம்பரிலிருந்து தெரிந்தே வைத்திருந்திருக்கிறார் மனுஷன்.

ஹால் நோட்டு இப்போது ஒன்றுதான். எழுதும் கை என்னுடையது, போனில் வாக்குக் கொடுக்கிறவர் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும் என்று கமிட்டி எழுதிக்கொடுத்திருக்கிறது. செயலர் அதற்குப் பிறகு ஒருமுறை மீறிவிட்டார். நானும் ஒருமுறை கேட்டுவிட்டேன், கை நடுங்கத்தான் செய்தது. நியமன ஆணை விஷயத்தை ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம், ஆயர் ஐயா தவிர. "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று இரண்டு கூட்டம் போய்விட்டது.


வாலாங்குளம்

மூன்றாவது கூட்டத்துக்கும் கொடுங்கள். பெறுகைச் சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். என்னிடம் அதுதான் இல்லாமல் போய்விட்டது.


சென்னிமலை_அக்கா

சாவி இப்ப எங்கே இருக்கிறது தம்பி?


காலிங்கராயன்கரை

ஆபீஸ் கதவுக்குப் பின்னால் ஆணியில் அக்கா. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆணி அடித்தவர் வாட்ச்மேன் அண்ணன். அவர் உயரத்துக்கு அடித்துவிட்டார், கணக்குத் தங்கச்சிக்கு எட்டவில்லை. நேற்று அதற்கு ஒரு புகார் வந்திருக்கிறது. நேரில் அவரிடமே சொன்னதாம்.